மல்டிமீடியா ஆராய்ச்சி கேக்க வேண்டிய கேள்வி வேற

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்க கல்விப் பக்கத்துல ஸ்மார்ட் கிளாஸ் பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன். அரசுப் பள்ளிகளுக்கு ஸ்கிரீன், ப்ரொஜெக்டர், நெட் எல்லாம் வர்றதைப் பத்தி சந்தோஷமா எழுதியிருந்தாங்க, எனக்கும் சந்தோஷம்தான், நானும் ஒரு அரசுப் பள்ளியில ஒன்பதாவது பத்தாவதுக்கு அறிவியல் எடுக்குற டீச்சர்தான். ஆனா கட்டுரைக்கு நடுவுல ஒரு பெட்டி கட்டி, படிச்சதுல 10 சதவீதம் ஞாபகம் இருக்கும், கேட்டதுல 20, பாத்ததுல 30, பாத்துக் கேட்டதுல 50, செஞ்சு பாத்ததுல 90னு போட்டிருந்தீங்க, அதனாலதான் ஆராய்ச்சி சொல்லுது மல்டிமீடியா வேணும்னுன்னு கீழ எழுதியிருந்தாங்க. அதுக்காகத்தான் இந்த லெட்டர்.

அந்த நம்பருக்குப் பின்னாடி எந்த ஆராய்ச்சியும் கிடையாது சார். அமெரிக்காவுல ஒஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டியில இருந்த எட்கர் டேல்னு ஒருத்தர் 1946ல எழுதின புத்தகத்துல ஒரு கூம்புப் படம் போட்டார், அடியில நேரடி அனுபவம், மேல போகப் போக டிராமா, களப்பயணம், சினிமா, ரேடியோ, படம், உச்சியில வெறும் சொல். அவ்ளோதான். அதுல சதவீதக் கணக்கே கிடையாது, இதை அப்படியே உயர்வு தாழ்வு வரிசையா எடுத்துக்காதீங்கன்னு அவரே எச்சரிக்கையும் பண்ணியிருந்தார். 1960கள்ல ஆடியோ விஷுவல் துறை ஆளுங்க பத்திரிகையில ஆதாரம் எதுவும் காட்டாம இந்த 10, 20, 30 வந்துச்சு, அப்புறம் யாரோ அதைத் தூக்கி டேல் கூம்புக்குப் பக்கத்துல ஒட்டிட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் பி.எட். நோட்ஸ்லயும் டீச்சர் ட்ரெய்னிங் ஸ்லைடுலயும் டேல் பேர்லயே ஓடிட்டு இருக்கு. கொஞ்சம் யோசிச்சாலே தெரியும், எதைப் படிச்சதுல 10 சதவீதம், கவிதையா கணக்கா, படிச்ச மறுநாளா மறுவருஷமா, யார் படிச்சது, எட்டாவது பையனா டாக்டரா, ஒண்ணுமே சொல்லாம எல்லா நம்பரும் பத்து பத்தா எப்படி அழகா வரும்?

ஒரு பெட்டியில வந்த நம்பருக்கு இவ்ளோ பேசணுமான்னு நினைக்காதீங்க. கற்பித்தல்ல மல்டிமீடியா பத்தி நம்ம ஊர்ல நடக்குற ஆராய்ச்சியில பெரும்பகுதி இந்த நம்பிக்கையிலதான் நிக்குது. பிஎச்.டி. ஆய்வேடுகள் ஷோத்கங்காங்கிற இணையக் களஞ்சியத்துல கிடைக்குது, யார் வேணா போய்ப் பாக்கலாம். "ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு இன்ன பாடம் கற்பிப்பதில் மல்டிமீடியா தொகுப்பின் விளைதிறன்"ங்கிற மாதிரி தலைப்பு அங்க அத்தனை இருக்கு. உள்ள போனா ஒரே அச்சு. ஒரு வகுப்பைச் சோதனைக் குழு, இன்னொண்ணைக் கட்டுப்பாட்டுக் குழுன்னு பிரிப்பாங்க, முன் தேர்வு வைப்பாங்க, ஒரு குழுவுக்கு சிடியோ பிபிடியோ போட்டுக் காட்டுவாங்க, இன்னொண்ணுக்கு வழக்கம் போல கரும்பலகையில பாடம், அப்புறம் பின் தேர்வு, டி டெஸ்ட்னு ஒரு புள்ளியியல் கணக்கு, 0.05 லெவல்ல சிக்னிஃபிகன்ட், அதாவது மார்க் வித்தியாசம் தற்செயலா வந்திருக்க வாய்ப்பு கம்மின்னு ஒரு வரி, ஆகவே மல்டிமீடியா சிறந்தது, அரசு எல்லாப் பள்ளிக்கும் கொடுக்கணும்னு பரிந்துரை. பண்றவங்க உழைப்பை நான் குறை சொல்லல, வேலைக்குப் போய்க்கிட்டு ராத்திரி உக்காந்து ஆய்வேடு எழுதுறவங்கதான் பாதி பேர், எனக்கு அந்தக் கஷ்டம் தெரியும். கேள்விதான் தப்பு.

ஏன் தப்புன்னு சொல்றேன். சோதனைக் குழுவுக்குப் போன அந்தத் தொகுப்பை ஆராய்ச்சியாளர் மாசக்கணக்குல உக்காந்து யோசிச்சு, எதை முதல்ல சொல்லணும் எங்க உதாரணம் வைக்கணும்னு திட்டம் போட்டுச் செஞ்சிருப்பார், கட்டுப்பாட்டுக் குழுவுக்கு அந்த மாதிரி யாரும் உக்காந்து யோசிக்கல, அன்னிக்கு வழக்கமா நடக்குற பாடம் நடந்துச்சு, அப்போ மார்க் ஏறினது ஸ்கிரீனாலயா அந்த யோசனையாலயா? அதோட புதுசா ஒண்ணு வகுப்புக்குள்ள வந்தா பசங்க ரெண்டு வாரம் நிமிந்து உக்காருவாங்க, அந்தப் புதுமை மயக்கம் தீர்ந்த பிறகு என்ன ஆகுதுன்னு யாரும் போய் அளக்குறதில்ல.

இதை 1983லயே ஒருத்தர் போட்டு உடைச்சிட்டார். தெற்கு கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியைச் சேர்ந்த ரிச்சர்ட் கிளார்க். அதுவரைக்கும் டிவி, ரேடியோ, கம்ப்யூட்டர்னு வெச்சுப் பண்ணின ஒப்பீட்டு ஆராய்ச்சிகளை எல்லாம் எடுத்துப் பாத்துட்டு, ரெண்டு குழுவுக்கும் பாடத்தை ஒரே ஆசிரியர் தயார் பண்ணினா வித்தியாசம் பெரும்பாலும் காணாமப் போகுது, வாரம் ஆக ஆகவும் குறையுதுன்னு காட்டினார். மளிகை சாமான் கொண்டு வர்ற லாரியால நம்ம உடம்புக்கு சத்து ஏறாது, அதே மாதிரி மீடியாங்கிறது பாடத்தைக் கொண்டு வர்ற வண்டி மட்டும்தான்னு எழுதினார். அதுக்கு 1990கள்ல ராபர்ட் கோஸ்மாங்கிற இன்னொரு ஆராய்ச்சியாளர் பதில் சொன்னார், அப்படி ஒரேயடியா தள்ளாதீங்க, அசையுற படத்தால முடியுறது வெறும் பேச்சால முடியாது, எந்த மீடியாவோட எந்தத் திறன் எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடத்துல உதவுதுன்னு கேளுங்கன்னார். ரெண்டு பேர் சொன்னதுலயும் நியாயம் இருக்குன்னு நினைக்கிறேன், ரெண்டு பேருமே "டிவியா போர்டா"ங்கிற பழைய கேள்வியை மூடிட்டாங்க. நாப்பது வருஷம் ஆச்சு, நாம இன்னும் அதே கேள்வியைத்தான் எம்.எட். பிள்ளைங்க கையில கொடுத்துட்டு இருக்கோம்.

சரி, கேக்க வேண்டிய கேள்வி எது? அமெரிக்காவுல சாண்டா பார்பராவுல இருக்கிற கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி உளவியல் பேராசிரியர் ரிச்சர்ட் மேயர் முப்பது வருஷத்துக்கு மேல அதைத்தான் கேட்டுட்டு வர்றார். அவர் வீடியோவையும் போர்டையும் மோத விடல. ஒரே வீடியோவை ரெண்டு விதமா செஞ்சார், ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்தினார். மின்னல் எப்படி உண்டாகுதுன்னு ரெண்டு மூணு நிமிஷ அனிமேஷன், ஒரு குழுவுக்குக் குரல்ல விளக்கம், இன்னொரு குழுவுக்கு அதே விளக்கம் திரையில எழுத்தா. குரல் கேட்டவங்களுக்கு நல்லாப் புரிஞ்சுது, ஏன்னா எழுத்தைப் படிக்கிறதுக்கும் படத்தைப் பாக்குறதுக்கும் அதே கண்ணு போட்டி போடுது. அடுத்து குரலோட சேத்து அதே வாக்கியங்களைத் திரையிலயும் ஓட விட்டாங்க, புரிதல் குறைஞ்சுது. பின்னணியில மியூசிக் சேத்தாங்க, குறைஞ்சுது. சுவாரஸ்யமா இருக்கட்டும்னு மின்னல் தாக்கின ஆளுங்க கதையை நடுவுல சேத்தாங்க, அதுக்கும் குறைஞ்சுது. அதே அனிமேஷனை 16 துண்டா வெட்டி, பாக்குறவங்களே பட்டனை அமுக்கி அடுத்ததுக்குப் போற மாதிரி விட்டாங்க, நல்லா ஏறுச்சு. அடிப்படை எளிமையானது, ஒரு நேரத்துல மனசு புடிச்சு வெச்சுக்கிற அளவு ரொம்பக் கம்மி, அந்த இடத்தை வேண்டாத சாமான் அடைச்சா வேண்டியதுக்கு இடமில்ல. ஜான் ஸ்வெல்லர்ங்கிற கல்வி உளவியல் ஆராய்ச்சியாளர் ஆஸ்திரேலியாவுல 1980கள்லயே வேற வழியில இதே இடத்துக்கு வந்திருந்தார்.

இப்போ நம்ம பசங்க பாக்குற பாட வீடியோக்களை நினைச்சுப் பாருங்க. டிரம்ஸ் சத்தத்தோட டைட்டில், பின்னாடி விடாம மியூசிக், மூலையில ஆடிக்கிட்டே இருக்கிற கார்ட்டூன் பொம்மை, புத்தகத்துல இருக்கிற பாராவை அப்படியே ஸ்கிரீன்ல போட்டு ஒருத்தர் வேகமா வாசிக்கிறார். காசு செலவு பண்ணி, நல்ல மனசோட, பிள்ளைக்குப் புரியாம போறதுக்கு என்னவெல்லாம் வேணுமோ அதையெல்லாம் சேத்து வெச்சிருக்கோம். எங்க ஒன்பதாவது புத்தகத்துல மின்மோட்டார் வருது. மேயர் சொன்னதை எடுத்துக்கிட்டா நாளைக்கே செய்ய வேண்டியது தெரியும், வீடியோ போடுறதுக்கு முன்னாடி சுருள் எது, பிளவு வளையம் எது, தூரிகை எதுன்னு பேரையும் வேலையையும் தனியா காட்டிடணும், அப்புறம் மியூசிக் இல்லாம ஓட விடணும், சுருள் பாதி சுத்தினதும் நிறுத்தணும், கரண்ட் இப்போ எந்தப் பக்கம் போகுதுன்னு கேக்கணும், பதில் வந்த பிறகு மிச்சப் பாதி. இதுக்கு ஒரு ரூபா எக்ஸ்ட்ரா செலவு கிடையாது. இந்த மாதிரி விஷயம் எந்த ட்ரெய்னிங்லயும் டீச்சர் காதுக்கு வந்து சேரல, 10-20-30 மட்டும் எல்லார் காதுக்கும் வந்திருச்சு.

இன்னொரு ஆராய்ச்சியைச் சொல்லணும், எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்டது இதுதான். யூடியூப்ல வெரிடாசியம்னு அறிவியல் சேனல் நடத்துற டெரெக் முல்லர் 2008ல சிட்னி யுனிவர்சிட்டியில பிஎச்.டி. முடிச்சார், தலைப்பே இயற்பியலுக்கு மல்டிமீடியாவை எப்படி வடிவமைக்கிறதுன்னுதான். நியூட்டன் விதிகளைப் பத்தி தெளிவா, சுருக்கமா, நேரா விளக்குற வீடியோவை ஒரு குழு பாத்துச்சு. நல்லா இருந்துச்சு, ஈஸியா புரிஞ்சுதுன்னு சொன்னாங்க. டெஸ்ட் வெச்சா மார்க் முன்னாடி இருந்ததுல இருந்து கிட்டத்தட்ட நகரவே இல்ல. இன்னொரு குழுவுக்குக் காட்டின வீடியோவுல பசங்க மனசுல வழக்கமா இருக்கிற தப்பான எண்ணத்தை, அதாவது மேல போற பந்தைக் கையோட விசை இன்னும் தள்ளிக்கிட்டே இருக்குங்கிற மாதிரி எண்ணத்தை, முதல்ல வெளிய எடுத்துப் பேசி, அது ஏன் ஒத்து வரலன்னு காட்டி, அப்புறம் சரியானதுக்கு வந்தாங்க. இந்தக் குழு குழப்பமா இருந்துச்சுன்னு சொன்னாங்க, கஷ்டப்பட்டுப் பாத்தாங்க, ஆனா மார்க் நல்லா ஏறியிருந்துச்சு.

இதோட அர்த்தத்தைக் கொஞ்சம் நின்னு பாக்கணும். வீடியோ பாத்து முடிச்ச பையன் புரிஞ்சுதுன்னு சொல்றது புரிஞ்சதுக்கு அத்தாட்சி இல்ல. தெளிவான வீடியோ பாக்கும்போது அவன் ஏற்கனவே மனசுல வெச்சிருந்த தப்பையே அந்த வீடியோவும் சொல்ற மாதிரி எடுத்துக்கிறான், நம்பிக்கை மட்டும் ஏறிடுது. நம்ம ஆய்வேடுகள்ல பாதி, பின் தேர்வோட சேத்து ஒரு கருத்துக் கணிப்பும் வெச்சு "90 சதவீத மாணவர்கள் விரும்பினர்"னு முடிக்குது. கோச்சிங் ஆப் விளம்பரமும் இதையேதான் பிடிச்சுக்குது, எத்தனை லட்சம் வியூஸ், எத்தனை ஸ்டார். பாத்த நேரத்தை அளக்குற நல்ல ஆராய்ச்சியும் இருக்கு, 2014ல எட்எக்ஸ்ங்கிற ஆன்லைன் படிப்புத் தளத்தோட கோர்ஸ்கள்ல 69 லட்சம் தடவை வீடியோ பாத்த பதிவுகளை ஆராய்ஞ்சு, வீடியோ எவ்ளோ நீளமா இருந்தாலும் பாக்குறவங்க ஆறு நிமிஷத்துக்கு மேல பெரும்பாலும் தங்குறதில்லன்னு சொன்னாங்க. பயனுள்ள தகவல்தான். ஆனா அது பாத்ததை அளந்தது, கத்துக்கிட்டதை அளக்கல, இந்த வித்தியாசத்தை நம்ம ஆளுங்க மறந்துடக் கூடாது.

அப்போ மேயர் சொன்னதையே தமிழ்ல மொழிபெயர்த்துச் சட்டமா போட்டுடலாமான்னா, கூடாது. அவர் சோதனைகள்ல நிறைய காலேஜ் பிள்ளைங்களை வெச்சு, லேப்ல, ரெண்டு மூணு நிமிஷப் பாடத்துல, இங்கிலீஷ்ல பண்ணினது. எங்க வகுப்புல மின்விசிறி சத்தத்துக்கு நடுவுல கடைசி பெஞ்சுக்கு ஸ்பீக்கர் கேக்காது, அங்க எழுத்தும் வேண்டியிருக்கலாம். ஐ.ஐ.எம். அகமதாபாத்ல பிரிஜ் கோத்தாரி பண்ணின வேலையைப் பாருங்க, டிவியில வர்ற சினிமாப் பாட்டுக்கு அதே மொழியில வரியை அடியில ஓட விட்டா, கொஞ்சம் எழுத்து தெரிஞ்சவங்க பாட்டு கேட்டுக்கிட்டே படிக்கப் பழகுறாங்கன்னு காட்டினார், 1999ல குஜராத்தி பாட்டு நிகழ்ச்சியில ஆரம்பிச்சு அப்புறம் தூர்தர்ஷன் சித்ரஹார் வரைக்கும் போச்சு. குரலும் எழுத்தும் ஒண்ணா வந்தா கெடுதல்னு மேயர் கண்டது, ரெண்டும் ஒண்ணா வந்தா நல்லதுன்னு கோத்தாரி கண்டது, ரெண்டுமே சரிதான், ஏன்னா ஒண்ணுல நோக்கம் மின்னலைப் புரிய வைக்கிறது, இன்னொண்ணுல நோக்கமே எழுத்தைப் படிக்க வைக்கிறது. எதுக்காக, யாருக்காகன்னு கேக்காம எந்த விதியையும் எடுத்துக்க முடியாது.

தமிழுக்குன்னே ஒரு கேள்வி இருக்கு, அதை நாமதான் ஆராய முடியும், சாண்டா பார்பராவுல இருந்து யாரும் வந்து பண்ண மாட்டாங்க. மேயர் குழு 2004ல ஒரு சோதனை பண்ணினாங்க, மூச்சு விடுறது எப்படின்னு ஒரு நிமிஷ அனிமேஷன், அதுல வெறுமனே நுரையீரல்னு சொல்ற இடத்துல உங்க நுரையீரல்னு மாத்தினாங்க, இந்த மாதிரி சின்னச் சின்ன மாத்தம்தான். மனப்பாடமா திருப்பிச் சொல்றதுல ரெண்டு குழுவுக்கும் வித்தியாசமில்ல, ஆனா புதுக் கேள்வி கொடுத்தா, பேச்சு நடையில கேட்டவங்க நல்லா யோசிச்சாங்க. இங்கிலீஷ்ல அந்த ரெண்டு நடைக்கும் தூரம் கொஞ்சம்தான். தமிழ்ல எவ்ளோ தூரம்! "புற விசை ஒன்று செயல்படாத வரை பொருளானது தனது ஓய்வு நிலையிலேயே இருக்கும்"னு வீடியோவுல ஒரு குரல் வாசிக்குது, அதையே நான் வகுப்புல "யாராவது தள்ளினாலோ இழுத்தாலோ ஒழிய அது பாட்டுக்கு அப்படியேதான் கெடக்கும்"னு சொல்றேன். கல்வி டிவிக்கு, யூடியூபுக்கு, க்யூஆர் கோடு ஸ்கேன் பண்ணினா வர்ற பாடத்துக்கு எந்தத் தமிழ் நல்லது? பேச்சுத் தமிழ்ல கேட்டுப் புரிஞ்சுக்கிட்ட பையன் பரீட்சையில எழுத்துத் தமிழ்ல எழுதணுமே, அந்தப் பாலத்தை எங்க கட்டுறது, வீடியோவோட கடைசியிலயா நடுவுலயா? சென்னைப் பேச்சுல சொன்னா திருநெல்வேலிப் பையனுக்கு அது பேச்சுத் தமிழா, இல்ல அதுவும் டிவி தமிழா? ஆக்ஸிலரேஷன்னு சொல்லி முடுக்கத்துக்கு வர்றதா, முடுக்கத்துல ஆரம்பிக்கிறதா? ஒவ்வொண்ணும் ஒரு எம்.எட். ஆய்வேட்டுக்கு அழகான தலைப்பு சார். ஒரே வீடியோ, ரெண்டு குரல் பதிவு, ஒரு ஃபோனும் ஒரு மைக்கும் போதும்.

நம்ம நாட்டுல இந்த மாதிரி ஆராய்ச்சிக்குப் பழக்கமே இல்லன்னும் சொல்ல முடியாது. 1975 ஆகஸ்ட்ல இருந்து 1976 ஜூலை வரைக்கும் இஸ்ரோ நாசாவோட ஏ.டி.எஸ்.-6 சாட்டிலைட்டை வெச்சு ஆறு மாநிலத்துல சுமார் 2,400 கிராமத்துக்கு டிவி கொண்டு போச்சு, சாட்டிலைட் வழி கல்வி டிவிச் சோதனை, சுருக்கமா சைட்னு (SITE) பேர். அப்போ டிவியை வெச்சுட்டு வந்துடல, மானிடவியல் படிச்சவங்க கிராமத்துலயே தங்கி, யார் வந்து பாக்குறாங்க, யார் வர்றதில்ல, பாத்ததைப் பத்தி வீட்டுல என்ன பேசிக்கிறாங்கன்னு எழுதி வெச்சாங்க. குஜராத்ல பின்னாடி ஒரு ஆய்வு நடந்துச்சு, லீ லிண்டன்னு பொருளாதார ஆராய்ச்சியாளர் பண்ணினது, ஒரே கணக்கு சாஃப்ட்வேர், பள்ளி நேரத்துல டீச்சர் பாடத்துக்குப் பதிலா அதை வெச்ச இடத்துல பிள்ளைங்க பின்தங்கினாங்க, பள்ளி முடிஞ்ச பிறகு கூடுதலா வெச்ச இடத்துல முன்னேறினாங்க. இதுதான் ஆராய்ச்சி. ஸ்மார்ட் போர்டு இருக்கேன்னு டீச்சர் போஸ்ட்டிங்கைக் காலியா விடுறவங்க அவசியம் படிக்க வேண்டியது. அண்ணா யுனிவர்சிட்டியிலயும் மதுரை காமராஜர் யுனிவர்சிட்டியிலயும் கல்வி மல்டிமீடியா ஆராய்ச்சி மையமே இருக்கு, கேமராவும் ஸ்டூடியோவும் எடிட்டிங் தெரிஞ்சவங்களும் அங்க இருக்காங்க, பள்ளிக் கல்வித் துறைக்குக் கல்வி டிவி இருக்கு, பி.எட். காலேஜ் ஒவ்வொரு மாவட்டத்துலயும் இருக்கு. இவங்க மூணு பேரும் ஒரே மேசையில உக்காந்து, ஒரு பாடத்தை ரெண்டு விதமா எடுத்து, பள்ளிக்கூடத்துல வெச்சுப் பாத்து, ஒரு மாசம் கழிச்சு திரும்பவும் டெஸ்ட் வெச்சு, எது நின்னுச்சோ அதை ஒளிபரப்பட்டும். அன்னிக்கே வைக்கிற டெஸ்ட்ல எதுவும் தெரியாது, ஒரு மாசம் கழிச்சுதான் தெரியும். கேள்வியும் புத்தகத்துப் பின்பக்கக் கேள்வியா இருக்கக் கூடாது, மோட்டார்ல காந்தத்தைத் திருப்பி வெச்சா எந்தப் பக்கம் சுத்தும்னு கேக்குற மாதிரி இருக்கணும்.

முடிவைத் தமிழ்ல எழுதணும்ங்கிறதையும் சொல்லிடுறேன். ஆய்வேடு எந்த மொழியில வேணா இருக்கட்டும், ஆனா ரெண்டு பக்கத்துக்குத் தமிழ்ச் சுருக்கம், டீச்சர் படிச்சா மறுநாள் வகுப்புல என்ன மாத்தணும்னு தெரியுற மாதிரி, அது இல்லாம வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு கிடையாதுன்னு யுனிவர்சிட்டிகள் ஒரு விதி போடலாம். காசு கேக்கல, ஒரு சர்க்குலர் போதும்.

உங்ககிட்ட ரெண்டு கேட்டுக்கிறேன் சார். அந்த 10-20-30 பெட்டிக்கு ஒரு திருத்தம் போடுங்க, உங்க பேப்பரை வெட்டி ஸ்டாஃப் ரூம் நோட்டீஸ் போர்டுல ஒட்டுற டீச்சர்கள் நிறைய பேர், எங்க ஸ்கூல்லயே ஒட்டியாச்சு. அப்புறம் கல்விப் பக்கத்துல வாரம் ஒரு கால் பக்கம் ஒதுக்குங்க, ஒரு வாரம் ஒரு ஆராய்ச்சி, யாரை வெச்சுப் பண்ணினாங்க, எதை மாத்தினாங்க, என்ன ஆச்சு, எங்க ஒத்து வராதுன்னு எழுதுற மாதிரி, எழுத ஆள் கிடைக்கலன்னா ஆரம்ப வாரங்களுக்கு நானே எழுதித் தர்றேன். எம்.எட். பண்ற பிள்ளைங்க யாராவது இந்தப் பேச்சுத் தமிழ் கேள்வியை எடுத்துக்கிட்டா, சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸ்ல பர்மிஷன் வாங்கிட்டு எங்க ஸ்கூலுக்கு வரட்டும், எச்.எம். கிட்ட நான் பேசி வெச்சிருக்கேன், ஒன்பதாவதுல ஏ செக்‌ஷன், பி செக்‌ஷன் ரெண்டும் இருக்கு, மின்மோட்டார் பாடத்தை அவங்க வர்ற வரைக்கும் தள்ளி வெச்சுக்கிறேன்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியை, அரசு உயர்நிலைப் பள்ளி,
திண்டுக்கல் மாவட்டம்